சிவப்பை நகர்த்தியவள்

"மயக்க டாக்டர் வரமாட்டேன்னுட்டாருட்டி!"

அம்மாவின் குரல் போனில் உடைந்து வந்தபோது காலை மணி பத்து இருபது. சென்னையில் பதினோராவது மாடியில், குளிரூட்டிய அறையில், செண்பகா இருக்கையிலிருந்து எழுந்தே விட்டாள்.

"எந்த மயக்க டாக்டரும்மா? நிதானமாச் சொல்லு."

"நித்திலாவுக்கு வலி கண்டுட்டு. பிள்ளை குறுக்க கிடக்காம். கிழிச்சுத்தான் எடுக்கணும்னு நம்ம ஊர் ஆஸ்பத்திரி எமிமா டாக்டர் சொல்லிட்டாக. மயக்க ஊசி போட திருநெல்வேலியில இருந்துதான ஆள் வரணும்? அவர் பொட்டைப் பார்த்திருக்காரு. ஆவுடையாபுரமா, ஆளை விடுங்கன்னு போனை வச்சுட்டாரு."

"ஆம்புலன்ஸ்ல ஏத்தி நீங்க திருநெல்வேலிக்குப் போயிட வேண்டியதுதானே?"

"சிவப்பு ஊர் ஆளுன்னா மொதல்ல ஆறு மணி நேரம் தனி வார்டாம். பெறகுதான் மத்ததாம். பனிக்குடம் உடைஞ்சாச்சுட்டி! மூணு மணி நேரத்துக்கு மேல தாங்காதுன்னு எமிமா சொல்லுதாக. நீ அந்த ஆபீஸ்லதானே இருக்க? அந்தப் பொட்டை எடுக்கச் சொல்லேன்!"

பொட்டு என்றால் என்னவென்று இன்று எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரியும். மூன்றாவது காய்ச்சல் அலை நாட்டை உலுக்கிப் போட்ட பிறகு வந்தது அது. பஸ்ஸோ, ரயிலோ, விமானமோ, எந்த டிக்கெட் எடுத்தாலும் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு வண்ணம், அதற்குள் ஓர் எண். அறுபதுக்குள் என்றால் பச்சை. தாண்டினால் சிவப்பு. சிவப்பு ஊருக்குப் போகக் கூடாது என்று சட்டம் கிடையாது. 'பயணம் தங்கள் விருப்பம்' என்றுதான் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். ஆனால் போய்வந்தால் காப்பீடு செல்லாது. ஆபீஸில் பதினான்கு நாள் வராதே என்பார்கள். அடுக்ககத்தில் லிஃப்டில் ஏற்ற மாட்டார்கள். விருப்பம் தானாகவே செத்துப்போகும்.

தங்கை நித்திலாவின் கணவனே அப்படித்தான் வரவில்லை. சார்ஜா விமான நிலையம் வரை வந்தவன், பொட்டைப் பார்த்து, மனைவிக்கு ஒரு முத்தக் குறியை அனுப்பிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

பொட்டு வைப்பது 'சுகவழி' என்ற கம்பெனி. செண்பகா அங்கே குறைகேட்புப் பிரிவின் மேற்பார்வையாளர். சிவப்பு விழுந்த ஊர்க்காரர்கள் அழுதும் திட்டியும் எழுதுவார்கள். 'தங்கள் ஊரின் எண் அறிவியல் முறைப்படி கணிக்கப்பட்டது. ஐயம் வேண்டாம்' என்று பதில் போக வேண்டும். நாலு வருடத்தில் மூவாயிரம் பதில்கள். அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று அவள் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. பார்க்க அனுமதி இருந்தது. அவசியம் வந்ததில்லை.

இன்று வந்தது.

"ஜெனிட்டா, இங்க வா. ஆவுடையாபுரத்தைத் திற. மேல இருக்கிற எண்ணை இல்ல, அதுக்கு அடியில இருக்கிறதை."

ஜெனிட்டா அந்த எண்ணைக் கணிக்கும் நிரலை எழுதும் பொறியாளர். இருபத்தாறு வயது. சூயிங்கம் மென்றபடி வந்தவள், ரெண்டு நிமிடத்தில் மெல்வதை நிறுத்தினாள்.

"அக்கா... இதுல காய்ச்சலே இல்லக்கா."

"என்னது?"

"ஒரு நோயாளி கூட இல்ல. ஆஸ்பத்திரித் தகவல், மருந்துக்கடைத் தகவல், ரெண்டு கட்டமும் காலி. இருக்கறது ஒண்ணே ஒண்ணு. டிக்கெட் ரத்து. போன வியாழக்கிழமை சாயங்காலம் ரெண்டு மணி நேரத்துல ஆயிரத்து நூத்திப் பத்து டிக்கெட்டை ரத்து பண்ணியிருக்காங்க. அதைப் பார்த்து, ஏதோ நோய்னு ஜனங்க ஓடறாங்கன்னு முடிவு பண்ணி, எழுபத்தெட்டு போட்டிருக்கு."

"வியாழக்கிழமையா?" செண்பகா திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். "வெள்ளிக்கிழமை எங்க பெரியப்பா மகன் கல்யாணம்டீ."

பெயர்ப் பட்டியலை இறக்கினார்கள். எல்லாம் சொந்தக்காரர்கள். தாம்பரம் அத்தை. கோயம்புத்தூர் மாமா. பெங்களூர்ச் சித்தப்பா. முகூர்த்த நாளில் ஊருக்குப் போக ஒரே ஒரு டிக்கெட் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கும் தமிழன் உண்டா? ரயிலில் காத்திருப்போர் பட்டியல் என்றால் கைகாவலுக்கு ஒரு பஸ். பஸ் காலை வாரினால் என்ன செய்வது என்று மதுரை வரைக்கும் இன்னொரு ரயில். கடைசியில் ஏதோ ஒன்று உறுதியானதும் மற்றதையெல்லாம் ரத்து செய்துவிட்டு, மொய்க் கவரில் பெயர் எழுத உட்கார்ந்துவிடுவார்கள்.

"உங்க சித்தப்பா தனியாளா அஞ்சு போட்டிருக்காருக்கா!"

"அவர் அப்படித்தான். போன வருஷம் வரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"போன மாசம்தானே கணக்குப் போடற மூளையை மாத்தினாங்க? வெளிநாட்டுச் சரக்கு. அங்க ஆளுக்கு ஒரு டிக்கெட்தான் போடுவான். ரத்து பண்ணினான்னா பயந்துட்டான்னு அர்த்தம். அந்தப் பாடத்தைப் படிச்சிட்டு வந்து இங்க உட்கார்ந்திருக்கு." ஜெனிட்டா விரலால் திரையைத் தொட்டாள். "அதுக்கப்புறம் வேற யாரும் சும்மா இருக்கலை. சிவப்பைப் பார்த்ததும் நிஜமாவே பயந்து ரத்து பண்ணியிருக்காங்க. பண்ணப் பண்ண எண் ஏறியிருக்கு. இதோ, திங்கட்கிழமை ரத்துல..."

அவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். திங்கட்கிழமை வரிசையில் இருந்த பெயர் செண்பகாவுடையது. தங்கையின் பிரசவத்துக்குப் போட்ட டிக்கெட். ஆபீஸில் வேலை என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

*

சுதர்சனம் சார் கம்பெனியின் தலைமை அதிகாரி. தலை கலையாத, குரல் உயராத மனிதர். செண்பகா மூச்சிரைக்கச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, தண்ணீர் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"குடிம்மா. தங்கச்சிக்கு எத்தனை வயசு?"

"சார், அந்த ஊர்ல காய்ச்சலே இல்ல!"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"இல்ல சார், நம்ம கணக்குலயே..."

"நம்ம கணக்குல எந்த ஊர்லயும் காய்ச்சல் கிடையாது செண்பகா. நாம காய்ச்சலைப் பார்க்கிறதை நிறுத்தி ஆறு வருஷம் ஆச்சு."

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஆரம்பத்துல பார்த்தோம். ஊர் ஊராச் சாக்கடைத் தண்ணி எடுத்துச் சோதிச்சோம். ரத்தம் எடுத்தோம். முடிவு வர அஞ்சு நாள் ஆகும். அதுக்குள்ள ஜனங்களே மோப்பம் பிடிச்சு டிக்கெட்டை ரத்து பண்ணிடுவாங்க. சோதனையை விட அவங்க பயம் வேகமா இருந்துது. முதல்ல சரியாவும் இருந்துது. அப்புறம் சோதனை எதுக்கு?"

"அப்போ நான் மூவாயிரம் பேருக்கு எழுதினது?"

"அறிவியல் முறைப்படின்னுதானே எழுதினே? பயத்தை அளக்கறதும் அறிவியல்தான்." அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே நம்பிச் சொன்னார். "விமானக் கம்பெனியும் ஓட்டல்காரனும் நம்மகிட்ட கேட்கறது ஒண்ணுதான். ஜனங்க வருவாங்களா, மாட்டாங்களா? காய்ச்சல் இருக்கா இல்லையான்னு இதுவரைக்கும் ஒருத்தன் கேட்டதில்ல."

"ஒரே ஒரு ஊர் சார். கையால மாத்தி விடுங்க. ரெண்டு உயிர் சார்."

"ஒரு ஊரை நான் கையால பச்சையாக்கினேன்னு வெளியே தெரிஞ்சா, நாளைக்கு நாட்டுல எந்தப் பச்சையையும் யாரும் நம்ப மாட்டாங்க. ஒரு பஸ் ஓடாது. மன்னிச்சிரு. போய் தங்கச்சிக்காக வேண்டிக்கோ."

மணி பதினொன்று ஐந்து.

*

எண் இறங்க நேர்வழி ஒன்றுதான், யாராவது ஆவுடையாபுரத்துக்கு டிக்கெட் போட வேண்டும். முந்நூறு டிக்கெட் போதும் என்று ஜெனிட்டா கணக்குச் சொன்னாள். மாடியில் அறுபது பேர். ஆளுக்கு ஐந்து.

செண்பகா நாற்காலி மேல் ஏறி நின்றே கேட்டுவிட்டாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். காய்ச்சல் இல்லை, அத்தனையும் கல்யாண டிக்கெட், நீங்கள் போகவே வேண்டாம், போட்டால் மட்டும் போதும், காசு நான் தருகிறேன்.

அறுபது பேரும் அதே எண்ணைத் தயாரிக்கிறவர்கள். ஒருத்தர் கூட நிமிரவில்லை. ஒருவர் கண்ணாடியைத் துடைத்தார். ஒரு பெண் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஜெனிட்டா, நீயாவது போடுடீ. நீதானே காட்டினே, ஒண்ணும் இல்லைன்னு?"

"தெரியும்க்கா." ஜெனிட்டாவின் கண் கலங்கிவிட்டது. "ஆனா என் பேருக்குப் பக்கத்துல சிவப்பு ஊர் பதிவாயிடுமே. வீட்டுல மாமியாருக்கு அந்த விவரம் போகும். குழந்தையை என்கிட்ட விட மாட்டாங்கக்கா."

"டிக்கெட் போட்டா காய்ச்சல் ஒட்டிக்குமா?"

"ஒட்டாதுன்னு தெரியும். ஆனாலும் விரல் போக மாட்டேங்குது."

செண்பகாவுக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. திங்கட்கிழமை தன் விரலும் போகவில்லை என்பது ஞாபகம் வந்ததும் அந்த வேகம் வடிந்தது.

இன்னொரு வழி அவள் கையிலேயே இருந்தது. குறைகேட்புப் பிரிவில் தினமும் செய்கிற சில்லறை வேலை. பஸ்ஸில் ஒரு ஊருக்கு டிக்கெட் எடுத்தவர் பெயர், தவறிப்போய்ப் பக்கத்து ஊர்க் கணக்கில் விழுந்திருக்கும். அதைச் சரியான ஊருக்கு மாற்றி விடலாம். யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம். ஒன்றையும் மாற்றலாம், ரத்தான ஆயிரத்து நூற்றுப் பத்தையும் மாற்றலாம். அழிக்கத்தான் முடியாது. அடுத்த நிறுத்தத்துக்குத் தள்ளலாம், அவ்வளவுதான்.

அடுத்த நிறுத்தம் எது என்று கணினியே சொன்னது. பூவன்குறிச்சி. ஒன்பது கிலோமீட்டர். எண் இருபத்திரண்டு. பளிச்சென்ற பச்சை.

"அக்கா, அங்க யார் இருக்காங்க?" என்றாள் ஜெனிட்டா பின்னாலிருந்து.

"யாரும் இல்ல," என்றாள் செண்பகா. தனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை என்ற அர்த்தத்தில்தான் சொன்னாள்.

பதினொன்று நாற்பதுக்கு விரல் பொத்தானைத் தொட்டது. இந்தத் தடவை போயிற்று. பன்னிரண்டு மணிக்கு நாடு முழுக்கப் பொட்டுகள் புதுப்பிக்கப்பட்டபோது ஆவுடையாபுரம் பச்சை. பூவன்குறிச்சி சிவப்பு. எண்பத்தொன்று.

திருநெல்வேலி மயக்க டாக்டரை அவளே கூப்பிட்டாள். "பச்சையாயிடுச்சா? பார்த்தேன். ஆனா கையில ஒரு கேஸ் இருக்கும்மா, மூணு மணிக்குக் கிளம்பறேன்," என்றார் அவர்.

மூணு மணி! சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு பத்து காட்டியது.

*

பன்னிரண்டரைக்கு அம்மா கூப்பிட்டாள். பின்னால் ஒரே கூச்சல்.

"ஏட்டி, பொட்டு மாறிட்டு! நீதான் செஞ்சியா? எம் மக்கா, நல்லா இருப்ப. ஊரே தெருவுல நிக்கு. பட்டாசு போடுதானுவ."

"நித்திலா எப்படிம்மா இருக்கா?"

"கத்திக்கிட்டுக் கிடக்கா. இந்த நேரத்துல ஒரு கெழட்டு டாக்டரை எமிமா வரவழைச்சிருக்காக. நாங்க உள்ள விடலை."

"ஏன்?"

"அவர் பூவன்குறிச்சிக்காரருட்டி! அந்த ஊரு இப்போ எண்பத்தொண்ணு. நாலு நாளா நாம பட்டது போதாதா? ஆஸ்பத்திரி வாசக் கேட்டைச் சாத்தி, நான்தான் குறுக்க நிக்கேன். நம்ம தெருப் பயலுவ அவர் காருக்கு முன்னால கல்லை வச்சிட்டானுவ."

செண்பகா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் போனை யாரோ பிடுங்கினார்கள்.

"செண்பகா, நான் எமிமா. பதினொண்ணே முக்காலுக்குக் குற்றாலலிங்கம் டாக்டரைக் கேட்டேன். எழுபத்தோரு வயசு, மயக்க டாக்டரா இருந்து ஓய்வு வாங்கிட்டாரு. நம்ம ஊர் சிவப்புன்னு சொன்னேன். 'எம்மா, என் போன்ல பேச மட்டும்தான் முடியும், பொட்டெல்லாம் தெரியாது, இதோ வந்துட்டேன்'னு கிளம்பிட்டாரு. பயப்படாத ஒரே மனுஷன். அவரை உங்க அம்மா கேட்டுல நிறுத்தி வச்சிருக்காங்க! பிள்ளையோட நாடித்துடிப்பு இறங்குது. இருபது நிமிஷம்தான் இருக்கு. நீ சொன்னா கேட்பாங்க. சொல்லு!"

சிவப்பாகவே விட்டிருந்தால் அவர் இந்நேரம் ஊசி போட்டு முடித்திருப்பார்.

"அம்மா, கேளு. பூவன்குறிச்சியில ஒண்ணும் இல்ல. அந்தச் சிவப்பு நான் வச்சது. நம்ம ஊரைக் காப்பாத்த அங்க தள்ளிவிட்டேன். அவரை உள்ள விடு."

"ஏட்டி, போ. பதட்டத்துல என்னென்னமோ பேசுத."

"சத்தியமாம்மா! நித்திலா மேல சத்தியம்!"

"நாலு வருஷமா நீதான சொன்ன, உங்க ஆபீஸ் கணக்கு பிசகவே பிசகாதுன்னு? நம்ம ஊரு சிவப்பா இருந்தப்போ ஒரு வார்த்தை பொய்ன்னியா? நீயே டிக்கெட்டை ரத்து பண்ணிட்டுத்தான வராம இருந்த? ரத்தான சேதி சித்தப்பா போனுக்கு வந்துச்சாம்." அம்மாவின் குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. "பச்சைப் பிள்ளை பெறக்கப் போகுது. நான் விட மாட்டேன்."

செண்பகா கண்ணை மூடினாள். மூவாயிரம் கடிதம் எழுதிய கை. வாய்க்கு அந்தக் குரல் தானாகவே வந்தது. வெயிலில் வைத்தாலும் உருகாத, அலுவலகக் குரல்.

"அம்மா, இப்போ எங்க கணினியில பார்த்துச் சொல்லுதேன். டாக்டர் குற்றாலலிங்கம், வயது எழுபத்தொன்று. கடந்த பதினோரு நாளா அவர் பூவன்குறிச்சியிலேயே இல்ல. திருநெல்வேலியில மகன் வீட்டுல இருந்திருக்காரு. அவருடைய தனி எண் பன்னிரண்டு. பச்சை."

"கம்ப்யூட்டர்லயே போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"அதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதான கோட்டிக்காரி! ஏ, கேட்டைத் தெறங்கலே!"

உண்மைக்குத் திறக்காத கேட், பொய்க்குக் கிறீச்சென்று திறந்த சத்தம் சென்னை வரை கேட்டது.

*

ஒன்று பத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. நீலமாக வந்ததாம். மூன்று நிமிடம் அழவில்லையாம். பிறகு அழுதது. அந்த அழுகையை எமிமா டாக்டர் போனில் பிடித்துக் காட்டினார். செண்பகா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கேட்டாள். நித்திலாவுக்கு நினைவு திரும்பிவிட்டது. "அக்கா எங்க?" என்றுதான் முதலில் கேட்டாளாம். அம்மா அதையும் சொன்னாள்.

ரெண்டு மணிக்கு மறுபடி போன். புதுக் குரல். வெற்றிலை போட்ட மாதிரி கனிந்த, சிரிப்பு கலந்த குரல்.

"செண்பகாவா? நான் குற்றாலலிங்கம். பதினோரு நாளா மகன் வீட்டுல இருந்தேன்னு சொன்னியாமே. எனக்கு மகனே கிடையாதேம்மா!"

"டாக்டர்... மன்னிச்சிருங்க. வேற வழி தெரியலை."

"பரவாயில்ல, பரவாயில்ல. காரியம் நடந்துச்சுல்லா? பிள்ளை ஜோரா இருக்கு." அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அது கிடக்கட்டும். ஒண்ணு கேட்கணும். வாசல்ல நின்ன பயலுவ ஒவ்வொருத்தனும் போனை என் மூஞ்சிக்கு நேர காட்டினான். எல்லாத்துலயும் எங்க ஊரு சிவப்பு. எண்பத்தொண்ணு எண்பத்தொண்ணுன்னு கத்துதான். நான் இதெல்லாம் பார்க்கிறவனே இல்ல. ஆனா நாப்பது பேர் கத்தினா ஒரு மாதிரி ஆயிருதும்மா. எங்க ஊர்ல ஏதும் காய்ச்சலா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். நிச்சயமாச் சொல்றேன். நீங்க தாராளமா வீட்டுக்குப் போங்க."

"சோதிச்சுப் பார்த்தீங்களா?"

செண்பகா திரையில் பூவன்குறிச்சியைத் திறந்தாள்.

"எத்தனை பேரைச் சோதிச்சீங்க? நான் டாக்டர்ம்மா, எங்கிட்டச் சொல்லலாம். எத்தனை பேர் ரத்தம் எடுத்தீங்க?"

"யாரையும் சோதிக்கலை டாக்டர். அந்தச் சிவப்பு நான் தள்ளிவிட்டது. நிஜமில்ல."

"சரி. சிவப்பு பொய். ஒத்துக்கிடுதேன். அதுக்கு முன்னால பச்சையா இருந்துச்சே, அப்போ சோதிச்சீங்களா?"

"...இல்ல."

"அப்போ ஒண்ணும் இல்லைன்னு எதை வச்சும்மா சொல்லுத?"

திரையில் நாட்டின் ஊர்கள் அத்தனையும் வரிசையாக நின்றன. பச்சையும் சிவப்புமாக. ஆறு வருடமாக எவர் கையும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்காத ஊர்கள்.

மறுமுனையில் கிழவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"நேத்து கூட எதிர்வீட்டுக்காரன் இருமிக்கிட்டேதான் இருந்தான். நான் கண்டுக்கலை," என்றார் மெல்ல. "எமிமாகிட்டச் சொல்லிட்டேன். இன்னைக்கு இங்கேயே ஒரு கட்டில்ல படுத்துக்கிடுதேன். நாளைக்கும் பார்ப்போம்."

"டாக்டர், வேண்டாம், நீங்களாவது..."

"வீட்டுல அவ தனியாத்தான் இருக்கா. அறுபத்தெட்டு வயசு. மூணு மணிக்குக் காப்பி போட்டு வச்சுட்டு வாசலைப் பார்த்துக்கிட்டு இருப்பா. நான் ஏன் வரலைன்னு அவகிட்ட என்னம்மா சொல்லட்டும்?"